கொஞ்சுவதற்கான தகுதிச் சான்றிதழ், இரண்டாம் நிலை

பிள்ளை வளர்க்க முறையான பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவன் நான். உரிமம் இல்லாதவனை வண்டிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். வண்டியாவது பிரேக்கை மிதித்தால் நிற்கும்; பிள்ளை நிற்குமா? அதனால் பரிவுத்திறன் மேம்பாட்டுக் கழகம் என்ற இடத்திலிருந்து எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குக் கடிதம் வந்தபோது, நல்ல காரியம்தானே என்று நினைத்து, படித்து முடித்து, மடித்து, என் மனைவி ரஞ்சிதத்திடம் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்களால் கொஞ்ச காலத்துக்குப் பார்த்துக்கொள்ள முடியாமல் போகிற பிள்ளைகளை, அவர்கள் நிலைமை சரியாகும்வரை தன்னிடம் வைத்து வளர்த்துக் கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். பதிமூன்று பிள்ளைகள் வந்து, வளர்ந்து, போய்விட்டார்கள். பதினாலாவது யாமினி, ஐந்து வயது. எங்களிடம் வருவதற்கு முன்னால் இரண்டு வீடு மாறியவள். வந்த புதிதில் சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ரஞ்சிதம் அவளைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, ரசம் சாதத்தை உருட்டிக்கொண்டு, "அடி கள்ளி, வாயத் தொறக்க மாட்டியா? அப்ப உன்னத்தான் கடிச்சுத் திங்கப் போறேன்" என்பாள். பிள்ளைக்குச் சிரிப்பு வரும். சிரிக்க வாயைத் திறந்தால் உருண்டை உள்ளே போய்விடும். ஒன்றரை வருஷத்தில் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது.

இதில் உன் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நான் வீட்டில் இருப்பேன்.

கடிதத்தின் சாரம் இது. வளர்ப்புப் பெற்றோரின் இல்லங்கள் அனைத்தும் 'குழந்தைப் பரிவு, இரண்டாம் நிலை' சான்றிதழை நவம்பர் முப்பதாம் தேதிக்குள் பெற்றிருத்தல் வேண்டும். பெறத் தவறும் இல்லங்களிலுள்ள குழந்தைகள், அவர்தம் நலன் கருதி, தகுதிபெற்ற இல்லங்களுக்கு மாற்றப்படுவர். ரஞ்சிதம் இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது யாமினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, இரண்டாம் நிலை இருக்கிறதே, முதல் நிலை எங்கே என்று கேட்டாள். முதல் நிலைக்கான பாடத்திட்டம் இன்னும் தயாரிப்பில் இருப்பதாகவும், அவசரம் கருதி இரண்டாம் நிலையை முதலில் வெளியிட்டிருப்பதாகவும் பதில் வந்தது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் வரவேண்டுமாம். ஆக, நானும் மாணவனானேன்.

வகுப்பு தெம்பனிஸில், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி. புதன்கிழமை தோறும் யாமினியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, எம்ஆர்டி ரயில் பிடித்துத் தீவின் அந்தக் கோடிக்குப் போனோம். தமிழ்ப் பிரிவில் இருபத்தாறு குடும்பங்கள். பயிற்றுநர் பெயர் நிதீஷ். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, பரிவு பற்றி மூன்று வருஷம் வெளிநாட்டில் படித்தவர். குறை சொல்லக்கூடாது, தங்கமான பிள்ளை. எங்களையெல்லாம் ஆன்ட்டி, அங்கிள் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அழுகிற குழந்தையைத் தேற்றுவதற்கு ஐந்து படிகள் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: நில், குனி, கவனி, உணர்ச்சிக்குப் பெயரிடு, உறுதிமொழி கூறு. பெரிய பெரிய எழுத்தில் சுவரிலும் ஒட்டியிருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு ரப்பர் பொம்மை. உள்ளே பேட்டரி. பொத்தானை அழுத்தினால் நிஜப் பிள்ளை மாதிரியே வீல் என்று கத்தும். ரஞ்சிதம் முறை வந்தது. பொம்மை கத்த ஆரம்பித்ததும் அவள் கை தானாகப் போய்த் தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டிவிட்டது. பொம்மையும் கப்பென்று வாயை மூடிக்கொண்டது.

நிதீஷின் முகம் வாடிவிட்டது. "தூக்கிட்டீங்களே ஆன்ட்டி" என்றார்.

"அழுதுச்சு, தூக்கினேன்."

"ஆனா அழுகை நின்னுடுச்சு."

"நிக்கத்தானே தம்பி தூக்கறது?"

"நின்னுட்டா மீதிப் படியெல்லாம் எங்க காட்டுவீங்க? தேத்தறதுக்குக் குழந்தை உங்களுக்கு வாய்ப்பே குடுக்கலையே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பத்துக்குப் பூஜ்யம்.

அடுத்து நான். முப்பத்தொரு வருஷம் சிவப்பு விளக்கில் காத்திருந்து பழகியவன்; எனக்கு அவசரமே இல்லை. நின்றேன். குனிந்தேன். கவனித்தேன். "உனக்குக் கோபம்" என்று பெயரிட்டேன். "நான் இருக்கிறேன்" என்று உறுதிமொழி கூறினேன். பொம்மை பதினோரு நிமிஷம் கத்தி, பேட்டரி தீர்ந்து, நின்றது. பத்துக்குப் பத்து. வகுப்பே கைதட்டியது. ரஞ்சிதம் மட்டும் தட்டவில்லை.

இதற்கப்புறம்தான் பெட்டி வந்தது. வெள்ளையாக, உள்ளங்கை அகலத்தில் ஒன்று. அதை வீட்டில் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்துவிட வேண்டும். நாம் பிள்ளையிடம் பேசுவதையெல்லாம் இரண்டு வாரத்துக்குக் கேட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நல்ல பேச்சுக்குப் பச்சை விளக்கும் தீய பேச்சுக்குச் சிவப்பு விளக்கும் காட்டி, கடைசியில் தானே அறிக்கையும் எழுதிவிடும். மனிதர் மதிப்பிட்டால் பாரபட்சம் வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் அது முதல்நாள் காலையிலேயே சிவப்பாகி, இரண்டு வாரமும் அப்படியே இருந்தது. பழுதான பெட்டி என்று நினைத்துக்கொண்டோம்.

அறிக்கை பதினெட்டுப் பக்கம். மதிப்பீட்டு அதிகாரி உமாமகேஸ்வரி எங்களை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார். 'அடி': உடல்மீது தாக்குதல் நடத்தும்படியான ஆணை, நூற்று அறுபத்து மூன்று முறை. 'கள்ளி': ஒரு பொருளில் திருட்டுத் தொழில் புரிபவள், மறுபொருளில் முட்செடி, இரண்டுமே குழந்தையின் தன்மதிப்புக்கு ஊறு விளைவிப்பவை. 'கடித்துத் தின்பேன்': விளக்கம் தேவையில்லை, இருபத்தொன்பது முறை. அத்துடன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையைப் பார்த்து என்ன அழகு என்று சொல்லிவிட்டுப் போன கையோடு, 'இவளுக்குச் சுத்திப் போடணும்' என்று ரஞ்சிதம் சொன்னதும் பதிவாகியிருந்தது. குழந்தையைச் சுழற்றி வீசி எறிவதற்கான முன்கூட்டிய திட்டம் என்று அதற்குக் கீழே எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது பெட்டி.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிய உமாமகேஸ்வரி, "திரு. பூச்சாண்டி என்பவர் யாரு?" என்று கேட்டார். உங்கள் இல்லத்தில் வசிப்பவர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையே என்றார்.

ரஞ்சிதத்துக்குப் பாவம், சட்டென்று பிடிபடவில்லை. "அவன் நம்ம வீட்ல இல்லம்மா. பிள்ள சாப்பிடலன்னா மட்டும் வருவான்" என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்: உணவு மறுக்கும் வேளைகளில் வருகை தருகிறார், பின்னணிச் சோதனை அவசியம்.

ரஞ்சிதம் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க அம்மா உங்கள அடி கள்ளின்னு கூப்பிட்டதே இல்லயாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். உமாமகேஸ்வரி மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். அது அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குக் காலையிலகூட கூப்பிட்டாங்க ஆன்ட்டி. எனக்கு அர்த்தம் தெரியும் லா. ஆனா நான் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இல்ல. பெட்டி சான்றளிக்கப்பட்டது."

நல்ல மனுஷிதான். மறுமதிப்பீட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் வாங்கிக்கொடுத்தார். கூடவே 'அங்கீகரிக்கப்பட்ட பரிவுச் சொற்றொடர்கள்' என்ற நான்கு பக்கப் பட்டியலையும் கொடுத்தார். இதை அப்படியே சொன்னால் பெட்டிக்குப் பச்சை விளக்கு நிச்சயம் என்றார். 'அன்புக் குழந்தையே, உன் சினம் எனக்குப் புலப்படுகிறது.' 'உணவு உட்கொள்ள உனக்கு விருப்பமுண்டா?' 'உன் மறுப்பை நான் மதிக்கிறேன். எனினும் கீரை நன்மை பயக்கும்.' எல்லாம் இந்த ரகம்.

யாமினிக்காக ரஞ்சிதம் எதையும் செய்வாள். பட்டியலை உட்கார்ந்து நெட்டுருப் போட்டாள். துணி மடிக்கும்போது முணுமுணுத்தாள், எம்ஆர்டியில் முணுமுணுத்தாள். தேக்காச் சந்தையில் வழக்கமான காய்கறிக்காரரிடம் போய், "முருங்கைக்காய் பிஞ்சாக இருப்பின் மகிழ்வேன்" என்றாள். அந்த மனுஷன் பயந்துபோய், தன் முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காருக்கா, சூடா ஏதாவது குடிக்கிறியா என்று கேட்டார். அன்று சாயங்காலம் அவள் தயாராகிவிட்டாள்.

யாமினி முக்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு, வழக்கமான வசவுக்காகக் காத்திருந்தாள். ரஞ்சிதம் சேலையைச் சரிசெய்துகொண்டு, செய்தி வாசிப்பவர்போல நிமிர்ந்து நின்று, "அன்புக் குழந்தையே, உணவு உட்கொள்ள உனக்கு விருப்பமுண்டா?" என்றாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் பச்சை. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

யாமினி அவளையே பார்த்தாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் எதையோ உருட்டினாள். திரும்பி வந்தபோது, எங்கள் வீட்டுக்கு முதல்முதலில் வந்த அன்று கொண்டுவந்த பை கையில் இருந்தது. இரண்டு கவுன், பல் துலக்கி, ஒரு காது போன முயல் பொம்மை. வாசலில் உட்கார்ந்து காலணியை மாட்ட ஆரம்பித்தாள். அழவில்லை. "இப்ப எந்த ஆன்ட்டி வராங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முந்தைய இரண்டு வீட்டிலும் கடைசி நாளில்தான் அவளிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அது அப்போதே புரிந்தது. ஆனால் நான் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரஞ்சிதம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "அடியே கள்ளி, யாரக் கேட்டுடி செருப்ப மாட்டற? உன்ன அப்படியே கடிச்சு முழுங்கிருவேன், வாடி இங்க." யாமினி ஒரு காலில் காலணியோடு ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெட்டி சிவப்பானது. இந்தத் தடவை பீப் பீப் என்று சத்தம்வேறு போட்டது. ரஞ்சிதம் எழுந்து நான்கு பக்கப் பட்டியலையும் எடுத்து, வெங்காயத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள்.

நிலைமை இதுதான். அவள் தேர்ச்சி பெற்றால் பிள்ளை தினமும் பையைத் தூக்கும். தோற்றால் அவர்கள் வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். ரஞ்சிதம் தோற்பது என்று முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து யாமினியை ஒரு நிமிஷம் கீழே இறக்கவில்லை. மிச்சமிருந்த நாள்களில் கொஞ்ச வேண்டியதையெல்லாம் கொஞ்சித் தீர்த்துவிடுவதுபோல, பெட்டிக்கு நேராகவே நின்று கள்ளி, போக்கிரி, திருட்டுப் பூனை என்று கொஞ்சினாள். யாமினி தூங்கினபிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் இருபத்தேழாம் தேதி மூன்று உறைகள் வந்தன. முதல் உறை ரஞ்சிதத்துக்கு: இன்னும் தகுதி பெறவில்லை. இரண்டாவது திரு. பூச்சாண்டிக்கு: அடுத்த வகுப்பில் சேர்ந்து பயன்பெறுமாறு அழைப்பு. மூன்றாவது எனக்கு. சிறப்புத் தேர்ச்சி.

நான் மூன்று தடவை படித்தேன். நான்கு வாரப் பதிவில் என் பேச்சில் ஒரு சிவப்பும் இல்லையாம். 'ம்' என்று நான் சொன்னது முந்நூற்று நாற்பது முறை. அது தீர்ப்பிடாமல் செவிமடுத்தல். 'அம்மாகிட்ட கேளு' என்றது தொண்ணூறு முறை. அது குழந்தையை உரிய நிபுணரிடம் ஆற்றுப்படுத்துதல். மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது, குழந்தையின் சுதந்திரத்தில் தலையிடாமை. ஆகவே இதன்மூலம் என்னை இல்லத்தின் முதன்மைப் பராமரிப்பாளராக நியமித்திருந்தார்கள். குழந்தை என் பொறுப்பில் தொடர்ந்து வசிக்கலாம். தகுதிபெறாத நபரான என் மனைவி, என் மேற்பார்வையின்கீழ் குழந்தைக்கு உணவளிக்கத் தடையில்லை.

யாமினி போகவேண்டாம் என்பது புரிந்ததும் ரஞ்சிதம் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு முதலில் நிம்மதி வந்தது. அப்புறம் கொஞ்சம் பெருமையும் வந்தது. அது வந்திருக்கக்கூடாதுதான். ஆனால் வந்தது. அன்று சாயங்காலம் சோபாவில் இருந்தபடியே, சாதம் இன்னும் கொஞ்சம் குழைவா இருக்கலாமே என்று மேற்பார்வை செய்து பார்த்தேன். ரஞ்சிதம் கரண்டியோடு திரும்பினாள். அதன்பிறகு நான் மேற்பார்வையிடவில்லை.

பட்டமளிப்பு விழா லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில். நாங்கள் தகுதிபெற்றோர் இருபத்தாறு பேர் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தோம். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு பேரும் ஆண்கள். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பை, மடியில் கோப்பு. எங்கள் மனைவிமார் எல்லாரும் பின்னால் 'விருந்தினர்' என்று எழுதியிருந்த வரிசைகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பிடோக் வட்டாரத்துச் சாகுல் ஹமீது. அவர் மனைவி ருக்ஸானா இதுவரை பத்தொன்பது பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தவர். பிள்ளைகளை அன்பாக 'சைத்தானே' என்று கூப்பிடுவார். அவர் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சாகுல் ஹமீது என் காதருகே சாய்ந்து, "இத்தனை வருஷம் வீட்ல வாயத் தொறக்காம இருந்ததுக்கு இன்னிக்குத்தாண்ணே ஒரு மரியாதை கெடச்சிருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

கழகத் தலைவர் பேசினார். பிள்ளை வளர்ப்பில் உள்ளுணர்வின் காலம் முடிந்துவிட்டது, இனி ஆதாரத்தின் காலம் என்றார். அவர் ஆதாரத்தில் இருக்கும்போதே, நடைபாதையில் ஓடிவந்த யாமினி ஒலிவாங்கிக் கம்பி தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். மண்டபமே அதிர அலறினாள்.

நாங்கள் இருபத்தாறு பேரும் எழுந்தோம். நின்றோம். பிறகு ஒரே நேரத்தில் குனிந்தோம். அந்த ஒழுங்கைப் பார்த்துத் தலைவர் பேச்சை நிறுத்தி, நிதீஷைப் பார்த்துப் பெருமிதத்தோடு தலையசைத்தார். அடுத்து நாங்கள் கவனித்தோம். மோவாயில் ரத்தம் தெரிந்தது. உணர்ச்சிக்கு என்ன பெயரிடுவது என்று சாகுல் ஹமீது கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு ஓடிப்போய்த் தூக்கவேண்டும் போலத்தான் இருந்தது. நாலாவது படி முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து ரஞ்சிதம் வந்துவிட்டாள். "அடி போக்கிரி, பாத்து ஓடக்கூடாதாடி" என்று வாரித் தோளில் போட்டு, முந்தானையை மோவாயில் அழுத்தினாள். யாமினி இரண்டு விக்கல் விக்கி அடங்கிவிட்டாள். நாங்கள் இன்னும் குனிந்தபடியே இருந்தோம். தலைவர் எங்களுக்காகக் கைதட்டினார். மண்டபமும் தட்டியது.

கறிபஃப்பும் கோப்பியும் பரிமாறும் நேரத்தில் உமாமகேஸ்வரி ஒரு படிவத்தோடு வந்தார். சான்றிதழ் செல்லுபடியாக வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் ஒரு நிஜக் குழந்தையை நேரடியாகத் தேற்றியதற்கு ஆதாரம் வேண்டுமாம். இன்று தற்செயலாக அப்படி ஒரு நிகழ்வு நடந்திருப்பதால், எல்லாருக்கும் சேர்த்து முடித்துவிடலாம் என்றார். 'குழந்தையைத் தேற்றியவர்' என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே இருபத்தாறு கட்டம். சாகுல் ஹமீது கையெழுத்துப் போட்டார். அவருக்கு அடுத்தவர் போட்டார். நிதீஷ் மேற்பார்வைக் கட்டத்தில் போட்டார். தலைவர் ஓரத்தில் சின்னதாகப் போட்டார். ஒருவர்கூட, ஏன் நான்கூட, யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இருபத்தாறாவது கட்டம் கடைசியாக என்னிடம் வந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இதில் கையெழுத்துப் போடாவிட்டால் என் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் யாமினி போவாள். ரஞ்சிதம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"போடுங்க. பிள்ள வீட்ல இருக்கணும்" என்றாள்.

போட்டேன். உமாமகேஸ்வரி படிவத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, சங்கடமாகச் செருமினார். இன்னும் ஒரே ஒரு கட்டம் பாக்கி என்றார். நிகழ்வை நேரில் பார்த்த சாட்சி. சாட்சி தகுதிபெறாத நபராக இருக்கவேண்டும் என்பது விதி.

ரஞ்சிதம் பேனாவை வாங்கினாள். ஒரு கையால் யாமினியைத் தாங்கிக்கொண்டு, மறுகையால், இருபத்தாறு ஆம்பளைகளும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் தேற்றியதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.